அக்லி ஸ்டிக் 60: இறங்கும்போது மிதக்கிறது, தொட்டால் குதிக்கிறது. எதை மாற்றலாம்?

#1 காத்தாடி72

வணக்கம். பழைய அக்லி ஸ்டிக் (ரேடியோவில் இயக்கும் மாதிரி விமானம்) ஒன்றைப் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்தாயிற்று. இறக்கை 60 அங்குல நீளம், 12 அங்குல அகலம், சமச்சீர் வெட்டு. எய்லரான் (விமானத்தை உருட்டும் பின்விளிம்பு மடல்) முழு நீள ஸ்ட்ரிப். நடுவில் ஒரே சர்வோ (மடலை அசைக்கும் சிறு மோட்டார்), இரண்டு டார்க் ராடு (முறுக்குக் கம்பி). மூன்று சக்கரம். 60 அளவு டூ-ஸ்ட்ரோக் குளோ எஞ்சின், 11-7 புரொப் (11 அங்குல விட்டம், 7 அங்குலப் பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு முன்னேறும் தூரம்). ரேடியோ மட்டும் புதுசு: 2.4 கிகாஹெர்ட்ஸ், 8 சேனல்.

பிரச்சினை இரண்டு. எஞ்சினை முழுக்கக் குறைத்தாலும் இறங்க மாட்டேன் என்று ஓடுதளம் முடியும்வரை மிதக்கிறது. அப்புறம் தொட்டதும் மூன்று நான்கு தடவை குதிக்கிறது, முன்சக்கரக் கால் வளைகிறது. ஃபிளாப் (இறங்கும்போது தாழ்த்தும் மடல்) போட்டால் சரியாகுமா? அல்லது இருக்கிற ஸ்ட்ரிப்பையே ஃபிளாப்பரானாக்கினால் (எய்லரானே ஃபிளாப்பாகவும் இறங்குவது) போதுமா?

#2 பால்சாதூள்

ஃபிளாப் பேச்சை அப்புறம் வச்சுக்கலாம் தம்பி. குதிக்கிறதுக்கும் ஃபிளாப்புக்கும் சம்பந்தம் கம்மி. முதல்ல இதெல்லாம் அளந்து போடுங்க:

டேங்க் காலியா இருக்கும்போது மொத்த எடை. சிஜி (எடை மையம்) முன்விளிம்புல இருந்து எத்தனை மி.மீ. மெயின் சக்கர அச்சு முன்விளிம்புல இருந்து எத்தனை மி.மீ. பின்னால. சிஜி தரையில இருந்து எவ்வளவு உயரம் (தோராயமா இறக்கைக்குக் கொஞ்சம் கீழ எடுத்துக்கலாம்). மூணு சக்கரத்துல நிக்கும்போது இறக்கை எத்தனை டிகிரி மூக்கு தூக்கி நிக்குது. ஐடில் ஆர்பிஎம் (முழுக்கக் குறைச்சா எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து). மூக்குல ஈயம் எதுவும் இருக்கா.

டிகிரி அளக்க இன்சிடன்ஸ் மீட்டர் வேணும்னு இல்ல. சமச்சீர் இறக்கைங்கறதால முன்விளிம்பு நடுவும் பின்விளிம்பு நடுவும் தரையில இருந்து என்ன உயரம்னு ரெண்டு அளவு எடுத்தா போதும். 305 மி.மீ. அகலத்துக்கு 5.3 மி.மீ. வித்தியாசம்னா 1 டிகிரி.

#3 காத்தாடி72

எடை 3.1 கிலோ. சிஜி 70 மி.மீ. மெயின் அச்சு 150 மி.மீ. சிஜி உயரம் சுமார் 200 மி.மீ. நிற்கும்போது முன்விளிம்பு 16 மி.மீ. உயரமாக இருக்கிறது, அதாவது 3 டிகிரி மூக்கு மேலே. ஐடில் 3000, அதற்குக் கீழே இறக்கினால் நின்றுவிடுகிறது. ஈயம் 140 கிராம், எஞ்சின் மவுண்ட் பக்கத்தில், சிஜியிலிருந்து சுமார் 30 செ.மீ. முன்னால். முந்தைய உரிமையாளர் வைத்தது. முன்சக்கரத்துக்கும் மெயின் சக்கரத்துக்கும் இடையே 33 செ.மீ.

#4 எடைமையம்

இந்த எண்களிலேயே விடை இருக்கிறது.

இறக்கை அகலம் 305 மி.மீ. இதுபோன்ற நேர்ச்செவ்வக இறக்கைக்கு 25 முதல் 33 சதவீதம் வரை, அதாவது 76 முதல் 100 மி.மீ. வரை சிஜி இருக்கலாம். உங்களுடையது 70, வெறும் 23 சதவீதம். மூக்கு கனம். மூக்கு கனமான விமானத்தில், வேகம் குறையும்போது எலிவேட்டரை (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) முழுக்க இழுத்தாலும் மூக்கு போதுமான அளவு எழாது. அதனால் உங்களை அறியாமலேயே வேகமாக இறங்குவீர்கள், மெயின் சக்கரத்துக்கு முன்பே முன்சக்கரம் தொடும். குதிப்பதில் பாதி அங்கேயே தொடங்குகிறது.

ஈயத்தை எடுத்தால்: 140 கிராம் × 30 செ.மீ. ÷ 2960 கிராம் = 1.4 செ.மீ. சிஜி 84 மி.மீ.க்குப் போய்விடும். 27.5 சதவீதம். வேறெதையும் நகர்த்த வேண்டியதில்லை.

ஆனால் ஒரே நாளில் மொத்தத்தையும் எடுக்க வேண்டாம். 50 கிராம் எடுத்தால் சிஜி ஏறத்தாழ 5 மி.மீ. பின்னால் போகும். ஒவ்வொரு 50 கிராமுக்கும் ஒரு பறப்பு; எலிவேட்டர் ட்ரிம்மை (ஸ்டிக்கைத் தொடாதபோது மடல் நிற்கும் நிலை) மட்டும் கவனியுங்கள். சிஜி பின்னால் போகப் போக அதே ஸ்டிக் அசைவுக்கு விமானம் கூடுதலாகத் துள்ளும், ஆகவே எலிவேட்டருக்கு 25 முதல் 30 சதவீதம் எக்ஸ்போ (ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் ரேடியோ அமைப்பு) வைத்துக்கொள்ளுங்கள்.

எடை குறைவதால் வேகம் அப்படியே குறைந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே போனால் இறக்கை தாங்காது) எடையின் வர்க்கமூலத்தோடுதான் போகும். 140 கிராம் குறைந்தால் வேகம் 2 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் குறையும். லாபம் சிஜியில்தான்.

#5 பால்சாதூள்

கியர் (சக்கரமும் அதோட காலும்) விஷயத்துக்கு வரேன். மூணு சக்கர விமானத்துல மெயின் சக்கரம் தரையைத் தொடுற இடத்துல இருந்து சிஜிக்கு ஒரு கோடு போட்டா, அந்தக் கோடு செங்குத்துக்கு எத்தனை டிகிரி சாயுதுங்கறதுதான் முக்கியம். இப்ப 80 மி.மீ. பின்னால, 200 மி.மீ. உயரம்: 22 டிகிரி. ரொம்ப ஜாஸ்தி. மெயின் சக்கரம் தொட்டதும் சிஜி ரொம்ப முன்னால இருக்கறதால மூக்கு படார்னு கீழ அடிக்கும். முன்கால் கம்பி அழுந்தி, அப்புறம் திருப்பித் தள்ளும். நிக்கறப்பவே 3 டிகிரி மூக்கு மேல இருக்குங்க, அது தள்ளுறப்ப 6, 7 ஆகும். இறக்கையில இன்னும் வேகம் மிச்சம் இருக்கு. கோணம் கிடைச்சா மறுபடி பறக்கும். நீங்க குதிக்குதுன்னு சொல்றது பாதி ஸ்பிரிங், பாதி டேக்-ஆஃப்.

எவ்வளவு டிகிரி சரி? வால் தரையைத் தொடுற கோணத்தைவிடக் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கணும். அக்லி ஸ்டிக்ல வால் தொடுற கோணம் பெரும்பாலும் 13 டிகிரி சுத்தி வரும். அதனால 15 டிகிரி வைங்க. 200 மி.மீ. உயரத்துக்கு 54 மி.மீ. அதாவது சிஜிக்கு 54 மி.மீ. பின்னால அச்சு.

சோதிக்கிறது சுலபம்: மூக்கைத் தூக்கி வால் தரையில பட வச்சுட்டு விடுங்க. தானா முன்சக்கரத்துக்குத் திரும்பணும். வால்லயே உக்காந்துட்டா கியர் ரொம்ப முன்னால போயிடுச்சுன்னு அர்த்தம். இதை டேங்க் காலியா இருக்கும்போது பாருங்க, அப்பதான் சிஜி ரொம்பப் பின்னால இருக்கும்.

#6 எடைமையம்

ஒரு திருத்தம். 80 மி.மீ. என்பது பழைய சிஜிக்கு. ஈயம் போனபின் சிஜி 84இல் இருக்கும், அச்சு 150இல். வித்தியாசம் 66 மி.மீ., கோணம் 18 டிகிரி. ஆகவே கியரை 26 மி.மீ. நகர்த்தத் தேவையில்லை, 12 மி.மீ. போதும். ஈயத்தை முதலில் எடுத்துவிட்டு அப்புறம் கியரை அளப்பது நல்லது. வரிசையை மாற்றினால் ப்ளைவுட் தகட்டை இரண்டு முறை பிய்க்க வேண்டியிருக்கும்.

#7 பால்சாதூள்

கரெக்ட். 12 மி.மீ.னா தகட்டைத் தொடவே வேணாம். 4 மி.மீ. பியானோ கம்பிக் காலா இருந்தா வைஸ்ல பிடிச்சு முன்பக்கமா வளைங்க. கால் நீளம் 150 மி.மீ.னா 4.5 டிகிரி சாச்சா 12 மி.மீ. கிடைக்கும். சூடுபடுத்தாதீங்க, பியானோ கம்பியைச் சிவக்கக் காய்ச்சினா டெம்பர் போயிடும், அடுத்த தடவை இறங்கும்போது கால் அப்படியே படுத்துரும். ரெண்டு காலையும் சேர்த்து மேசையில வச்சுப் பாருங்க, ஒண்ணு ஒரு டிகிரி மாறினாலும் ஓடும்போது ஒருபக்கமா இழுக்கும்.

அலுமினியத் தகட்டுக் காலா இருந்தா வளைக்க வேணாம். துளையை 12 மி.மீ. தள்ளிப் போட இடம் இருக்கும், இல்லைன்னா தகட்டைத் திருப்பி மாட்டிப் பாருங்க. பல தகடுகள் ஒருபக்கம் சாய்வா வெட்டினதா இருக்கும், திருப்பினாலே அச்சு முன்னால வந்துரும்.

முன்கால்: 33 செ.மீ. இடைவெளிக்கு 3 டிகிரின்னா 17 மி.மீ. ஜாஸ்தி. 17ல இருந்து 20 மி.மீ. வரை குறைக்கணும். 0 டிகிரியில நிக்கட்டும், ஒரு டிகிரி மூக்கு கீழ போனாலும் தப்பில்ல. கம்பியை மவுண்ட்ல மேல தள்ளி காலரை மாத்தி இறுக்கினா போதும், வெட்ட வேணாம். ஆனா புரொப்புக்கும் தரைக்கும் நடுவுல 25 மி.மீ.யாவது இருக்கணும், புல்தரைன்னா 40. இடம் பத்தலைன்னா முன்காலைப் பாதி குறைச்சு, மெயின் சக்கரத்தை 75 மி.மீ.ல இருந்து 90க்கு மாத்துங்க. அது 7 மி.மீ.க்கு மேல பின்பக்கத்தைத் தூக்கிடும்.

இன்னொண்ணு. ஸ்டீயரிங் ஆர்ம் செட் ஸ்க்ரூ உருண்டைக் கம்பியில நிக்காது. கம்பியில அரத்தால தட்டையா ஒரு இடம் ராவி, ஸ்க்ரூ அங்க உக்கார மாதிரி வச்சு த்ரெட்லாக் ஒரு சொட்டு. ரடர் (மூக்கை இடம் வலம் திருப்புற வால் மடல்) சர்வோவுக்கும் முன்காலுக்கும் நேரா விறைப்பான ராடு போட்டிருந்தா அடி எல்லாம் சர்வோ பல்லுக்குப் போகும். ராடுல ஒரு U வளைவு கொடுத்துருங்க. முன்சக்கரம் திரும்புறது 10 டிகிரி போதும்.

#8 ஒற்றைவால்

முன்சக்கரத்தையே கழற்றிவிட்டு வால்சக்கர விமானமாக்கினால் இந்தப் புலம்பல் எதுவும் இல்லையே? முன்கால் எடை மிச்சம், காற்றுத்தடை மிச்சம், புல்லில் ஓடவும் நல்லது. அச்சை முன்விளிம்புக்கு நேரே கொண்டுவந்து 1 முதல் 2 டிகிரி டோ-இன் (சக்கரங்கள் முன்பக்கம் சற்று உள்நோக்கி இருப்பது) வைத்தால் ஸ்டிக் அழகாக ஓடும்.

#9 பால்சாதூள்

அழகா ஓடும், இறங்கும்போது இன்னும் அழகா குதிக்கும். வால்சக்கரத்துல மெயின் சக்கரம் சிஜிக்கு முன்னால. தொட்டதும் வால் கீழ போகும், இறக்கைக் கோணம் ஏறும், மேல போகும். மூணு சக்கரத்துல நேர் எதிர்: சரியா வச்சா தொட்டதும் மூக்கு இறங்கி லிஃப்ட் செத்துரும். குதிக்குதுன்னு வந்தவருக்கு வால்சக்கரம் மருந்து இல்லீங்க. புல்தரை மேடு பள்ளமா இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

#10 ஒற்றைவால்

மூன்று புள்ளியில் முழு ஸ்டாலில் இறக்கினால் குதிக்காது. ஆனால் சரி, அதைச் செய்யத் தெரிந்தவருக்கு இந்த இழையே தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#11 கிளவிஸ்

எல்லாரும் கியரைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். மிதப்பதற்குக் காரணம் அந்த 3000 ஐடில்.

60 டூ-ஸ்ட்ரோக் ஆரோக்கியமாக இருந்தால் 2200 முதல் 2400 வரை நிற்காமல் ஓட வேண்டும். உந்துவிசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு போகும். 3000லிருந்து 2300க்கு வந்தால் நின்ற இடத்தில் உந்துவிசை 40 சதவீதத்துக்கு மேல் குறையும். பழைய எஞ்சின் கீழே நிற்காததற்குக் காரணங்களை இந்த வரிசையில் பாருங்கள்:

டேங்க்: டேங்கின் நடுமட்டம் ஸ்ப்ரே பாரின் (கார்புரெட்டருக்குள் எரிபொருள் விடும் குழாய்) மட்டத்தில், அல்லது 5 மி.மீ. கீழே இருக்க வேண்டும். மேலே இருந்தால் ஐடிலில் எரிபொருள் வழிந்து மூச்சுத் திணறும். டேங்க் உள்ளே இருக்கும் சிலிக்கான் குழாய் பழசானால் விறைத்துப்போகும் அல்லது துளை விழும். மூக்கு கீழே சாயும்போது காற்றை உறிஞ்சி எஞ்சின் நிற்கும். இது இறங்கும்போது மட்டும் நிற்கிற எஞ்சின்களின் முதல் காரணம். குழாயை மாற்றிவிடுங்கள், சோதித்துப் பார்க்கவே வேண்டாம்.

காற்றுக்கசிவு: கார்புரெட்டர் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங், பின்மூடி கேஸ்கெட். 

ப்ளக்: புதுசு, ஐடில் பார் உள்ளது.

கடைசியில்தான் லோ-எண்ட் ஸ்க்ரூ (ஐடிலில் எரிபொருள் அளவைச் சரிசெய்வது). ஐடிலில் ஓடவிட்டு எரிபொருள் குழாயைக் கிள்ளுங்கள். இரண்டு மூன்று விநாடியில் லேசாக ஆர்பிஎம் ஏறி நின்றால் சரி. கிள்ளியதும் நின்றால் லீன் (எரிபொருள் குறைவு). நெடுநேரம் ஏறிக்கொண்டே போனால் ரிச் (எரிபொருள் அதிகம்). ஒரு நேரத்துக்கு எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள்.

அப்புறம் புரொப்பை 12-6 ஆக்குங்கள். எஞ்சினுக்குச் சுமை ஏறத்தாழ அதே, பிரேக் கூடுதல். விட்டம் கூடுவதால் தரை இடைவெளி 12.7 மி.மீ. குறையும், பால்சாதூள் சொன்ன கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

#12 எடைமையம்

கிளவிஸ் சொன்னதற்கு எண்ணில் ஒரு துணை. 7 அங்குலப் பிட்ச் என்றால் ஒரு சுற்றுக்கு 0.178 மீட்டர். 3000 ஆர்பிஎம் என்றால் விநாடிக்கு 50 சுற்று, ஆக 8.9 மீட்டர். உங்கள் விமானம் 3.1 கிலோவில் ஸ்டால் ஆவது கணக்குப்படி விநாடிக்கு 10 மீட்டர் சுமார், அதாவது 36 கி.மீ. வேகம். உந்துவிசை பூஜ்ஜியமாகும் வேகம் நடைமுறையில் பிட்ச் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். ஆகவே 3000இல், நீங்கள் தரைக்கருகே 10, 11 மீட்டர் வேகத்துக்கு வரும் அந்தக் கடைசி விநாடிகளில் புரொப் பிரேக் போடுவதை நிறுத்திவிட்டுத் தாங்கிப் பிடிக்கத் தொடங்குகிறது. 2300 ஆர்பிஎம், 6 அங்குலம் என்றால் 5.8 மீட்டர், கடைசிவரை பிரேக்தான்.

இறங்கும் அணுகுமுறை வேகம் ஸ்டாலைப் போல 1.3 மடங்கு, விநாடிக்கு 13 மீட்டர் அளவு. 15 மீட்டரில் வந்தால் அந்த 2 மீட்டர் கூடுதல் வேகத்தைக் கரைக்கவே சுமார் 25 மீட்டர் தூரம் ஓடும். தரையிலிருந்து இறக்கை நீளத்தில் பாதி உயரத்துக்குள் (75 செ.மீ.) வந்துவிட்டால் தூண்டல் இழுவை (லிஃப்ட் உண்டாவதால் வரும் காற்றுத்தடை) குறைவதால் இன்னும் நீளும்.

சித்திரை, வைகாசி மதியத்தில் 38 டிகிரி வெயிலில் பறப்பவர்களுக்கு: காற்று 15 டிகிரியில் இருப்பதைவிட 7 சதவீதத்துக்கு மேல் லேசு, ஸ்டால் வேகம் 4 சதவீதம் ஏறும். சூடான தரையிலிருந்து எழும் காற்று மிதப்பை இன்னும் கூட்டும். ட்ரிம் பார்க்கக் காலை 8 மணிக்கு முன்பே போங்கள்.

#13 காத்தாடி72

ஈயம் மொத்தமும் மூன்று தவணையில் எடுத்தாயிற்று, சிஜி 84. டேங்க் குழாய் உள்ளே விறைத்துத்தான் இருந்தது. மாற்றியதும் 2350இல் நிற்கிறது. முன்கால் 17 மி.மீ. குறைத்தேன், மெயின் கால் வளைத்து 15 டிகிரி. குதிப்பது ஒரே ஒரு சின்னத் துள்ளலாகிவிட்டது.

மிதப்பதும் குறைந்தது, ஆனால் எங்கள் ஓடுதளம் குட்டை, ஒரு முனையில் மரங்கள். செங்குத்தாக இறங்க வேண்டும். இப்போது ஃபிளாப் பேசலாமா?

#14 பால்சாதூள்

அந்த மிச்சத் துள்ளலுக்கு: ஸ்டால் பக்கத்துல வந்து தொட்டா விநாடிக்கு 1 மீட்டர் கீழிறங்கும் வேகம். அது 5 செ.மீ. உயரத்துல இருந்து கீழ போடுறதுக்குச் சமம். வீட்டுத் தரையிலயே 5 செ.மீ. தூக்கி விட்டுப் பாருங்க. ஒரு செ.மீ.க்கு மேல எழும்பினா சக்கரம் மாத்துங்க: கெட்டி ரப்பருக்குப் பதிலா மெத்துனு நுரை ரப்பர் சக்கரம், கையால அமுக்கினா உள்ள போகணும். பியானோ கம்பி வாங்கின அடியை அப்படியே திருப்பிக் கொடுக்கும், நுரைதான் அதை முழுங்கும்.

#15 கிளவிஸ்

ஃபிளாப்புக்கு உங்களுக்கு மூன்று வழி.

ஒன்று, மலிவு: நடு சர்வோவை எடுத்துவிட்டு அதே இடத்தில் இரண்டு மினி சர்வோ அருகருகே. ஒவ்வொன்றும் ஒரு டார்க் ராடுக்கு. இறக்கையில் ஒரு வெட்டும் இல்லை. ரேடியோவில் ஃபிளாப்பரான் ஆன் செய்தால் முடிந்தது. 10 டிகிரி, அதிகபட்சம் 12.

இரண்டு, அதே இரண்டு சர்வோவை வைத்து ஸ்பாய்லரான்: இரண்டு ஸ்ட்ரிப்பும் மேலே. செங்குத்தாக இறங்கும், உண்மை. ஆனால் ஸ்டால் வேகம் ஏறும். ஸ்டிக்குக்கு நான் சொல்ல மாட்டேன்; ஃப்ளேரில் (தொடுமுன் மூக்கைத் தூக்கும்போது) சுவிட்சைத் திருப்பினால் மறுபடி லிஃப்ட் வந்து பலூன் மாதிரி எழும்.

மூன்று, ஸ்ட்ரிப்பை இரண்டாக வெட்டுவது. உள்பாதி ஃபிளாப், வெளிப்பாதி எய்லரான். என் வாக்கு இதற்கு.

#16 எடைமையம்

மூன்றாவதை நானும் ஆதரிக்கிறேன். காரணம் பலரும் நினைப்பதல்ல. இந்த இறக்கை செவ்வகம். ஸ்டால் நடுவில்தான் தொடங்கும், நுனியில் அல்ல. ஆகவே ஃபிளாப்பரானை நேராக இறக்கினால் மட்டும் நுனி விழாது. சிக்கல், ஏற்கெனவே 12 டிகிரி தொங்கும் ஸ்ட்ரிப்பில் எய்லரானும் கொடுக்கும்போதுதான். தாழ்ந்த இறக்கையைத் தூக்க ஸ்டிக்கைத் தள்ளுவீர்கள். அந்தப் பக்க ஸ்ட்ரிப் 20 டிகிரிக்கு மேல் இறங்கும். இழுவை கூடி மூக்கு அந்தப் பக்கமே திரும்பும். மெதுவான வேகத்தில் அந்த இறக்கையே முதலில் ஸ்டால் ஆகும். தூக்கப் போன இறக்கை கவிழும். ஃபிளாப்பரானோடு இறக்குகிறவர் ரடரால்தான் இறக்கையைச் சமன்செய்ய வேண்டும். பழக்கமில்லாதவருக்கு அது ஆபத்து.

உள்பாதியை மட்டும் 25 முதல் 30 டிகிரி இறக்கினால் ஸ்டால் வேகம் 10 சதவீதம் அளவுக்குக் குறையும்: 10 மீட்டர் 9 ஆகும். கேட்கச் சிறிதாக இருக்கலாம், தொடும்போது இருக்கும் ஆற்றல் 19 சதவீதம் குறைகிறது. அதைவிடப் பெரிய லாபம் இழுவை. மரத்துக்கு மேலே வந்து செங்குத்தாக இறங்க அதுதான் உதவும்.

#17 அசல்விரும்பி

ஃபில் கிராஃப்ட் 1960களின் நடுவில் வரைந்த வடிவமைப்பு இது. அந்த முழு நீள ஸ்ட்ரிப்தான் அதன் முகமே. சதுர மூக்கு, முதல் உலகப்போர் ஜெர்மன் விமானச் சாயல், ஸ்ட்ரிப் எய்லரான்: இந்த மூன்றும் இல்லாவிட்டால் அது ஸ்டிக்கே இல்லை. 60 வருடப் பழைமையை வெட்டித் துண்டாக்குவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.

#18 பால்சாதூள்

நியாயமான பேச்சு. வழி இருக்கு: பழைய ஸ்ட்ரிப்பை வெட்டவே வேணாம். ஹிஞ்சைக் கழட்டி, காகிதம் சுத்தி பத்திரமா வைங்க. புதுசா பால்சா டிரெய்லிங் எட்ஜ் கட்டை வாங்கி அதே அகலத்துக்குப் பண்ணிடலாம். நாளைக்கு அசலா வேணும்னா ஒரு மாலை வேலை. இறக்கையில போடப்போற சர்வோ பெட்டி ரெண்டுதான் நிரந்தர மாற்றம், அதுவும் அடிப்பக்கம். கிராஃப்ட் 1967ல உலகச் சாம்பியன் ஆனவர், ரேடியோ தயாரிச்சவர்; எட்டு சேனல் அவர் கையில இருந்திருந்தா சும்மா விட்டிருப்பாரா?

வேலை முறை சொல்றேன்.

ஒரு பக்க ஸ்ட்ரிப் 68 செ.மீ.னு வச்சா, உள்பக்கம் 32 ஃபிளாப், வெளிப்பக்கம் 36 எய்லரான், நடுவுல 2 மி.மீ. இடைவெளி. வெட்டு சரியா ஒரு ரிப்புக்கு (இறக்கையோட குறுக்குச் சட்டம்) நேரா வரட்டும். ரெண்டுக்கும் ஹிஞ்ச் புதுசு: ஃபிளாப்புக்கு 3, எய்லரானுக்கு 4. ஃபிளாப்பின் முன்விளிம்புல அடிப்பக்கம் 45 டிகிரி சாய்ச்சு ராவணும், இல்லைன்னா 20 டிகிரியிலயே முட்டி நிக்கும். எய்லரானுக்கு 30 டிகிரி போதும். ஹிஞ்ச் இடைவெளியை மேல்பக்கமா தெளிவான ஃபிலிம் வச்சு அடைங்க. முழுக்க மடிச்ச நிலையில ஒட்டணும், நேரா வச்சு ஒட்டினா அசையாது.

சர்வோ பெட்டி வெளி எய்லரானின் நடுவுல, ஸ்பாருக்குப் (இறக்கையைத் தாங்குற நீளக் கட்டை) பின்னால, ரெண்டு ரிப்புக்கு இடையில. ஸ்பாரையும் ஸ்பார் வெப்பையும் எந்தக் காரணத்துக்கும் வெட்டாதீங்க. ரிப் ஓரத்துல 6 மி.மீ. பால்சா ரயில் ஒட்டி, 1.5 மி.மீ. ப்ளைவுட் மூடி, நாலு ஸ்க்ரூ. சர்வோ மூடியிலயே உக்காரும். ஒயர் போக ஒவ்வொரு ரிப்பிலயும் 12 மி.மீ. துளை, தடித்த காகிதத்தைச் சுருட்டிக் குழாய் பண்ணிச் சொருகுங்க. இணைப்பான் சிக்காம வரும்.

எண்ணெய் ஊறின மரத்தைப் பத்தி ஒரு வார்த்தை. டேங்க் பக்கமும் இறக்கை நடுவும் பழைய குளோ விமானத்துல விளக்கெண்ணெய் ஊறி இருக்கும். அதுமேல எபாக்ஸி பிடிக்காது, பிடிச்ச மாதிரி நடிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல சோள மாவைக் கூழா குழைச்சுப் பூசுங்க; காய்ஞ்சதும் மாவு மஞ்சளாகி எண்ணெயை இழுத்துக்கும். துடைச்சு மறுபடி பூசுங்க. மாவு வெள்ளையாவே காயுற வரைக்கும். அப்புறம் 30 நிமிஷ எபாக்ஸி, 5 நிமிஷம் வேணாம்.

#19 கிளவிஸ்

சர்வோ வேலையில் ஒரு சிக்கனம் உண்டு. வெளி எய்லரானுக்கு மட்டும் இரண்டு புது மினி மெட்டல் கியர் சர்வோ வாங்குங்கள், 3 கிலோ-செ.மீ. முறுக்கு தாராளம். உள்ளே ஏற்கெனவே இருக்கும் டார்க் ராடு இரண்டையும் நடு சர்வோவையும் அப்படியே ஃபிளாப்புக்குக் கொடுத்துவிடலாம்.

எய்லரானாக இருந்தபோது சர்வோ கையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ராடு, ஒன்று முன்னே போனால் மற்றது பின்னே. ஃபிளாப்புக்கு இரண்டும் ஒரே திசையில் போக வேண்டும். சர்வோவைப் படுக்க வைத்து, கை நடுக்கோட்டில் கீழ்நோக்கி நிற்கும்படி செய்து, இரண்டு கிளவிஸையும் (ராடு நுனிக் கொக்கி) ஒரே துளையில் ஒரே போல்ட்டில் மாட்டுங்கள். டார்க் ராடின் ஹார்ன் (நெம்புகோல் கை) உடற்பகுதிக்குள் கீழே தொங்குவதால், ஃபிளாப் இறங்க ஹார்ன் முன்னால் வர வேண்டும். அதாவது காற்று தள்ளும்போது ராடு இழுவிசையில் இருக்கும். மெல்லிய ராடு வளையாது. முழு ஃபிளாப்பில் சர்வோ கை ராடுக்கு ஏறக்குறைய நேர்கோட்டில் வருமாறு கையைத் தொடக்கத்தில் எதிர்ப்புறம் சாய்த்து வையுங்கள். அந்த நிலையில் சுமை பல்லுக்குப் போகாமல் அச்சுக்குப் போகும்.

இப்போது மொத்தம் ஆறு சர்வோ. பழைய 4.8 வோல்ட் 600 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி போதாது. 2000 அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு போடுங்கள். 6.6 வோல்ட் லைஃப் (LiFe, ஒருவகை லித்தியம் பேட்டரி) போடுவதென்றால் பழைய சர்வோக்கள் அந்த வோல்ட்டேஜில் நடுங்குகின்றனவா என்று மேசையில் 10 நிமிடம் பார்த்துவிட்டு. புதுப் பேட்டரியின் எடை மாறும்; சிஜியை மறுபடி அளக்கவும்.

ரேடியோ அமைப்பு:

எய்லரான் மேலே 15 மி.மீ., கீழே 9. ஸ்ட்ரிப் பாதியாகிவிட்டதால் முன்பைவிட அசைவு கூடத்தான் வேண்டும்.

ஃபிளாப் மூன்று நிலை சுவிட்ச்: 0, 15 டிகிரி, 30 டிகிரி. வேகம் 2 விநாடி. சட்டென்று விழ விடாதீர்கள்.

எலிவேட்டர் மிக்ஸ் (ஃபிளாப்போடு எலிவேட்டரும் தானாக நகர்வது): 15க்கு 1 மி.மீ. கீழே, 30க்கு 3 மி.மீ. கீழே. இது தொடக்கம்தான். தோள்பட்டை உயரத்தில் இறக்கை இருக்கும் விமானங்களில் ஃபிளாப் இறங்கினால் பெரும்பாலும் மூக்கு எழும்.

30 டிகிரியில் மட்டும் இரண்டு எய்லரானும் 4 மி.மீ. மேலே. நுனி கடைசியாக ஸ்டால் ஆகும், இழுவையும் கூடும்.

முதல் சோதனை 60 மீட்டர் உயரத்தில், காற்றை எதிர்த்து, த்ராட்டில் பாதிக்குக் கீழே. முதலில் 15. மூக்கு எழுந்தால் மிக்ஸைக் கூட்டுங்கள். அதே உயரத்தில் 30 வைத்து ஐடிலில் ஸ்டால் வரை போங்கள், எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். ஒரே பக்கம் விழுந்தால் இரண்டு ஃபிளாப்பும் ஒரே அளவு இறங்கவில்லை, 2 மி.மீ. வித்தியாசமே போதும்.

மறுசுற்று போக வேண்டியிருந்தால் முழு த்ராட்டில், முழு ஃபிளாப் சேர்ந்து வேண்டாம். மூக்கு நட்டுக்கொண்டு எழும். த்ராட்டிலை முக்காலுக்கு, ஃபிளாப் 15க்கு, வேகம் வந்தபின் 0.

#20 காத்தாடி72

அருமை. ஒரு சந்தேகம். நடு சர்வோ பல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. அதற்குப் பதில் ஃபிளாப்புக்கும் இறக்கைக்குள் இரண்டு தனி சர்வோ போட்டு Y ஒயரில் (ஒரே சேனலை இரண்டு சர்வோவுக்குப் பிரிப்பது) இணைத்தால்?

#21 கிளவிஸ்

போடலாம், ஆனால் Y ஒயரில் ஒரு பொறி இருக்கிறது. இடது, வலது இறக்கையில் சர்வோவைக் கண்ணாடிப் பிம்பம்போல் மாட்டினால், Y ஒயரில் ஒரு ஃபிளாப் இறங்கும், மற்றது ஏறும். எய்லரானுக்கு அது வசதி. ஃபிளாப்புக்கு விமானமே உருளும். Y ஒயர்தான் என்றால் இரண்டு சர்வோவின் தண்டும் ஒரே பக்கம், உதாரணமாக இரண்டும் இடது நுனியைப் பார்த்து, இருக்க வேண்டும். உங்களிடம் 8 சேனல் இருக்கிறது; இரண்டுக்கும் தனித்தனிச் சேனல் கொடுத்துவிடுங்கள். திசையும் அளவும் ரேடியோவிலேயே சரிசெய்யலாம், வலதும் இடதும் மி.மீ. கணக்கில் ஒன்றாக வரும்.

#22 பால்சாதூள்

அப்படிப் பண்ணினா டார்க் ராடைக் கழட்டாதீங்க, பின்விளிம்புல பள்ளம் விழும். ராடை மட்டும் ஃபிளாப்புல சொருகாம, ஹார்ன் நுனியை வெட்டி அப்படியே விட்டுருங்க. ஃபிளாப் சர்வோ பெட்டி உடற்பகுதியில இருந்து மூணாவது ரிப்புக்கு அப்பால இருக்கட்டும். நடுவுல இருக்கிற கண்ணாடி நார்ப் பட்டையை வெட்டினா இறக்கை அங்கதான் மடியும்.